மூன்றாம் வாசல் வழியே: நீதிபதி முத்துசாமி ஐயரின் பதினேழு ஆண்டுகள்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய அச்சு வடிவம். மேடையில் சொன்ன சில கிளைக்கதைகளும் இறுதியில் நடந்த கேள்வி நேரமும் விடப்பட்டுள்ளன.)



திருவாரூர் முத்துசாமி ஐயரைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று எழுதியதும் அமைப்பாளர்களில் ஒருவர் தொலைபேசியில், "தெருவிளக்குதானே?" என்று கேட்டார். அவர்மேல் குறை இல்லை. தலைமுறை தலைமுறையாக நம் பள்ளிப் பிள்ளைகளுக்கு முத்துசாமி ஐயர் என்றால் தெருவிளக்கின் கீழ் படித்து ஹைகோர்ட் ஜட்ஜ் ஆன ஏழைப் பையன். அந்தக் கதையை நான் மறுக்க வரவில்லை. ஒரு மணி நேரத்துக்கு அதைத் தள்ளிவைக்கச் சொல்கிறேன், அவ்வளவுதான். பையன் நீதிபதி நாற்காலியில் உட்கார்ந்ததும் விளக்குக் கதை முடிந்துவிடுகிறது. என் அக்கறை அங்கேதான் தொடங்குகிறது. 1878 முதல் 1895 ஜனவரியில் இறக்கும்வரை ஏறத்தாழ 17 ஆண்டுகள் அவர் அந்த நாற்காலியில் இருந்தார். சர் வால்டர் மார்கன், சர் சார்லஸ் டர்னர், சர் ஆர்தர் காலின்ஸ் என்று மூன்று தலைமை நீதிபதிகளோடு பணியாற்றினார். 1893இல் சில மாதங்கள் தாமே தற்காலிகத் தலைமை நீதிபதியாகவும் இருந்தார்.

என் வாதம் ஒன்றுதான். சென்னை உயர்நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதி என்ற பட்டத்தைவிட, அவர் எந்த வழியில் அங்கே வந்தார், வந்து எவ்வளவு காலம் இருந்தார் என்ற இரண்டும் முக்கியம். கீழ்க் கோர்ட்டிலிருந்து ஏறிவந்த ஒருவருக்கு மேலே நீண்ட காலம் கிடைத்தது. அந்தச் சேர்க்கைதான் அவருடைய தீர்ப்புகளை உருவாக்கியது என்று காட்ட முயல்கிறேன்.

1

முதலில் வழி. 1861ஆம் ஆண்டின் ஹைகோர்ட் சட்டம் நீதிபதி ஆவதற்கு நான்கு வாசல்களைத் திறந்து வைத்தது. முதல் வாசல் பாரிஸ்டர்களுக்கு, இரண்டாவது சிவில் சர்வீஸ்காரர்களுக்கு. இந்த இரு பிரிவுக்கும் தலா மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் இடம் ஒதுக்கப்பட்டது. நடைமுறையில் இரண்டு வாசலிலும் நுழைந்தவர்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரர்கள். நான்காவது வாசல், பத்து ஆண்டு தொழில் நடத்திய பிளீடர்களுக்கு. இடையில் மூன்றாவதாக ஒன்று இருந்தது: பிரின்சிபல் சதர் அமீன், ஸ்மால் காஸ் கோர்ட் நீதிபதி ஆகிய பதவிகளுக்குக் குறையாத நீதிப் பணியில் ஐந்து ஆண்டு இருந்தவர்களும் வரலாம்.

மற்ற மாகாணங்களில் முதலில் வந்த இந்தியர்களைப் பாருங்கள். கல்கத்தாவில் 1863இல் சம்புநாத் பண்டிட், வக்கீல். பம்பாயில் நானாபாய் ஹரிதாஸ், அவரும் வக்கீல். அலகாபாத்தில் சையத் மஹ்மூத், பாரிஸ்டர். சென்னையில் மட்டும் முதல் இந்தியர் மூன்றாம் வாசல் வழியே வந்தார். முத்துசாமி ஐயர் 1856இல் பிளீடர் தேர்வில் தேறினார். ஆனால் ஒரு வழக்கும் நடத்தாமல் முன்சீப்பாகப் போய்விட்டார். கட்சிக்காரர் தரப்பில் நின்று வாதாடிய அனுபவமே இல்லாத நீதிபதி அவர். இதை ஒரு குறையாகப் பேசியவர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. எனக்கு அது அவரைப் புரிந்துகொள்ளும் திறவுகோலாகப் படுகிறது.

2

அவர் ஏறிவந்த படிகளைச் சற்று நின்று பார்க்க வேண்டும்.

1832 ஜனவரி 28 அன்று தஞ்சை ஜில்லாவில் பிறந்தவர். தந்தையை இளவயதில் இழந்து, தாயோடு திருவாரூர் வந்து, பன்னிரண்டு வயதில் கிராமக் கணக்குப்பிள்ளைக்கு உதவியாளாக மாதம் ஒரு ரூபாய்ச் சம்பளத்தில் சேர்ந்தார். தாசில்தார் முத்துசாமி நாயக்கர் பையனின் சூட்டிகையைக் கண்டு படிக்க அனுப்பினார். எந்தக் கணத்தில் நாயக்கர் அதைக் கண்டார் என்று வாழ்க்கைக் குறிப்புகள் சொல்வது, ஓர் ஆற்றுக் கரை உடைந்த செய்தி வந்தபோது. பையன் இடத்துக்கே போய்ப் பார்த்து, உடைப்பின் அளவு, வேண்டிய சாமான், கிடைக்கும் ஆள் எல்லாவற்றையும் விசாரித்துக்கொண்டு வந்து சொன்னானாம். தெருவிளக்குக் கதைக்குப் பதிலாகப் பாடப்புத்தகத்தில் இதைப் போட்டிருக்கலாம் என்று எனக்கு ஓர் ஆசை உண்டு. ஒரு நீதிபதி செய்ய வேண்டியதைச் சிறுவயதிலேயே செய்த கதை அது.

சென்னையில் பவல் துரையிடம் படிப்பு. 1854இல் ஆங்கிலக் கட்டுரைப் போட்டியில் 500 ரூபாய்ப் பரிசு. ஒரு ரூபாய்ச் சம்பளம் வாங்கியவருக்கு அது எவ்வளவு பெரிய தொகை என்று சொல்ல வேண்டியதில்லை. பிறகு தஞ்சையில் பள்ளிகளின் துணை ஆய்வாளர் வேலை. அதன்பின் தரங்கம்பாடியில் ஜில்லா முன்சீப். டேனிஷ்காரர்கள் அந்த ஊரை ஆங்கிலேயருக்கு விற்றது 1845இல்தான். பத்துப் பதினோரு ஆண்டுக்கு முன்பு வேறொரு அரசின் கையில் இருந்த ஊரில், இளம் முன்சீப் எதிரே வந்த பத்திரங்கள் எப்படிப்பட்ட கலவையாக இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

1859இல் தஞ்சையில் துணைக் கலெக்டர். இனாம் நிலங்களின் உரிமைகளை அரசு தோண்டித் துருவிக்கொண்டிருந்த காலம். கோயிலுக்கு விட்ட நிலம் எது, சத்திரத்துக்கு எது, தனியாள் அனுபவம் எது, தாமிரப் பட்டயம் உண்மையா என்பதெல்லாம் வருவாய்த் துறையின் அன்றாடக் கேள்விகள். 1865இல் மங்களூரில் சப் ஜட்ஜ். அங்கே சொத்து மகனுக்குப் போகாமல் மருமகனுக்கு, அதாவது சகோதரியின் மகனுக்குப் போகும் அளியசந்தான முறை. காவேரிக் கரையிலிருந்து வந்தவருக்கு அது தலைகீழான உலகம். 1868இல் சென்னையில் போலீஸ் மாஜிஸ்திரேட். அந்த நாற்காலியில் இருந்த நாட்களில்தான் பி.எல். பட்டமே வாங்கினார். பிறகு ஸ்மால் காஸ் கோர்ட்: ஐந்து ரூபாய்க் கடன், வாடகைப் பாக்கி, கடைக் கணக்கு.

ஆக, ஹைகோர்ட்டுக்குள் நுழையும்போது அவர் கையில் இருந்தது இருபது ஆண்டுச் சாட்சிக் கூண்டு அனுபவம். சாட்சி எப்படிப் பொய் சொல்வான், எந்த இடத்தில் தயங்குவான், கணக்கு நோட்டில் பின்னால் எழுதிச் சேர்த்த வரி எப்படித் தெரியும் என்பதெல்லாம் கீழ்க் கோர்ட்டில் மட்டும் கிடைக்கும் படிப்பு. அப்பீல் கோர்ட்டுக்கு அந்தச் சாட்சி வருவதில்லை. மொழிபெயர்த்த காகிதம்தான் வருகிறது.

3

நியமனத்தின்போது எழுந்த கூச்சலை விரைவாகச் சொல்லிக் கடந்துவிடுகிறேன், ஏனெனில் இது பலருக்கும் தெரிந்த செய்தி. சென்னையின் ஆங்கிலோ இந்தியப் பத்திரிகைகள் ஓர் இந்தியர் நீதிபதியாவதைத் தாக்கி எழுதின. பதில் எழுத இந்தியர் கையில் பத்திரிகை இல்லை. ஜி. சுப்பிரமணிய ஐயர், வீரராகவாச்சாரியார் உள்ளிட்ட ஆறு இளைஞர்கள் சேர்ந்து 1878 செப்டம்பர் 20 அன்று 'தி ஹிந்து'வை வார ஏடாகத் தொடங்கினார்கள். கடன் வாங்கிய ஒன்றே முக்கால் ரூபாய், 80 பிரதிகள். ஒரு நீதிபதியின் நியமனத்துக்காகப் பிறந்த ஏடு உலகில் வேறு உண்டா என்று எனக்குத் தெரிந்த பத்திரிகையாளர்கள் பெருமையாகக் கேட்பார்கள். பெருமை நியாயமானதுதான். ஆனால் கவனியுங்கள்: அந்தச் சர்ச்சை முழுவதும் அவர் இந்தியர் என்பதைப் பற்றியது. அவர் எந்த வகை நீதிபதி என்று இரு தரப்பிலும் பெரிதாகப் பேச்சில்லை.

4

இனி என் வாதத்தின் மையம்.

அவர் பதவியேற்ற காலத்தில் இந்துச் சட்டம் ஒரு விசித்திர நிலையில் இருந்தது. முன்பெல்லாம் கோர்ட்டுகளில் பண்டிதர்கள் இருந்தார்கள். சாஸ்திரம் என்ன சொல்கிறது என்று நீதிபதி அவர்களைக் கேட்பார். 1864இல் ஒரு சட்டம் அந்தப் பதவியை ஒழித்தது. அதற்குமேல் நீதிபதியே இந்துச் சட்டம் அறிந்தவர் என்று வைத்துக்கொள்ள வேண்டும். அவர் எதைப் படித்து அறிவது? கோல்புரூக் 1810இல் மொழிபெயர்த்த மிதாக்ஷரா என்ற சாஸ்திர உரைநூல், முந்திய தீர்ப்புகள், ஆங்கிலத்தில் வந்த சில கைநூல்கள். ஜான் மெய்னின் புகழ்பெற்ற இந்துச் சட்ட நூல்கூட 1878இல்தான் வெளிவந்தது. சாஸ்திரம் அச்சில் வந்ததும் அது பிரிட்டிஷ் சட்டப் புத்தகம்போல உறைந்துபோனது. ஊரில் மனிதர்கள் செய்துகொண்டிருந்ததோ வேறு.

இந்த முடிச்சுக்கு ஒரு விடையை 1868இலேயே பிரிவி கவுன்சில் ராமநாதபுரம் ஜமீன் வழக்கில் சொல்லிவிட்டது. வழக்கம் தெளிவாக நிரூபிக்கப்பட்டால் எழுதிவைத்த நூலைவிட அதற்கே மதிப்பு அதிகம் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். லண்டனில் உட்கார்ந்து அப்படிச் சொல்வது எளிது. வழக்கத்தை யார் நிரூபிப்பது, எப்படி நிரூபிப்பது? இரண்டாம் அப்பீலில் சட்டக் கேள்வியை மட்டுமே எடுக்கலாம். நடந்தது என்ன என்ற கேள்வியில் கீழ்க் கோர்ட்டின் முடிவே முடிவு. வழக்கம் என்பதோ பாதி சட்டம், பாதி நடப்பு. எனவே ஹைகோர்ட் நீதிபதிகள் வினாக்களை எழுதிக் கீழே அனுப்பி, சாட்சியம் எடுத்துத் திருப்பி அனுப்பச் சொல்வார்கள். அந்த வினாவை எப்படிக் கேட்பது என்பதில்தான் திறமை இருக்கிறது. முன்சீப்பாக இருந்தவருக்கு அது தெரியும். "இது உங்கள் வழக்கமா?" என்று கேட்டால் எல்லாச் சாட்சியும் ஆமாம் என்பான். "யார் வீட்டில், எந்த ஆண்டில், அதன்பின் சொத்து யாருக்குப் போனது, பங்காளிகள் ஆட்சேபித்தார்களா?" என்று கேட்டால்தான் உண்மை வரும்.

சுவீகாரத்தை எடுத்துக்கொள்வோம். மகள் வயிற்றுப் பேரனையும் தங்கை மகனையும் பிராமணர் தத்து எடுக்கக் கூடாது என்பது நூல் விதி. எவளை அவன் மணந்திருக்க முடியாதோ அவள் பிள்ளை அவனுக்கு மகனாக முடியாது என்பது அதன் தர்க்கம். ஆனால் தெற்கே பிராமணர்கள் தலைமுறைகளாகப் பேரனையும் மருமகனையும் தத்து எடுத்தார்கள், சடங்கு செய்தார்கள், சொத்தைக் கொடுத்தார்கள், யாரும் கேட்கவில்லை. அக்காள் மகளையும் மாமன் மகளையும் கட்டிக்கொள்ளும் சமூகத்தில் உறவுக் கணக்கே வேறு. வடக்கே எழுதிய நூலின் தர்க்கம் இங்கே ஒட்டவில்லை. 1880களின் நடுவில், முத்துசாமி ஐயர் பணியாற்றிய காலத்தில், சென்னை ஹைகோர்ட்டின் முழு அமர்வு தென்னாட்டு வழக்கத்தை ஏற்று அத்தகைய சுவீகாரம் செல்லும் என்றது. அதே ஆண்டுகளில் இன்னொரு முழு அமர்வு, உபநயனம் ஆன பையனை ஒரே கோத்திரத்துக்குள் தத்து எடுப்பதையும் வழக்கத்தின்பேரில் ஏற்றது.

இத்தகைய கேள்விகளில் அவர் தீர்ப்பு எழுதும் முறையைக் கவனித்தால் ஓர் ஒழுங்கு தெரியும். சாஸ்திரத்தை முதலில் முழு மரியாதையோடு எடுத்துவைப்பார். நூல்களுக்குள்ளேயே உள்ள முரண்களைக் காட்டுவார். பிறகு முந்திய தீர்ப்புகள். கடைசியில் நடப்பு. சாஸ்திரத்தை உதறிவிட்டு வழக்கத்துக்குப் போகும் துணிச்சல்காரர் அல்ல அவர். சாஸ்திரத்தின் வாயாலேயே வழக்கத்துக்கு இடம் வாங்குபவர். நீளமான தீர்ப்புகள், மாணவர்களுக்குச் சலிப்பூட்டும் தீர்ப்புகள் என்று ஒப்புக்கொள்கிறேன். மேற்கோள் காட்ட ஏற்ற பளிச்சென்ற வாக்கியங்கள் குறைவு.

5

இன்னும் கடினமான சோதனை தேவதாசியர் வழக்குகளில் வந்தது. தேவதாசி ஒருத்தி பெண் குழந்தையைத் தத்து எடுக்கிறாள். தாய் இறந்தபின் சொத்து அந்த மகளுக்குச் சேருமா? 1880இல் பம்பாயில் நீதிபதி வெஸ்ட், ஒழுக்கத்துக்குப் புறம்பான வழக்கத்தைக் கோர்ட் ஆதரிக்காது என்று கதவை மூடினார். 1888இல் வெங்கு எதிர் மகாலிங்கா வழக்கில் அதே கேள்வி முத்துசாமி ஐயர் முன் வந்தது. அவர் பம்பாயைப் பின்பற்றவில்லை. சிறுமியை விபசாரத்துக்கு ஒப்படைப்பது தண்டனைச் சட்டப்படி குற்றம். அது நிரூபணமானால் அந்தத் தத்து நிற்காது. அந்த நோக்கம் இல்லாதபோது, தத்து என்ற உறவைச் செல்லாது என்று சொல்லக் காரணமில்லை. செயலையும் உறவையும் இப்படிப் பிரித்தார்.

இதை முற்போக்கு என்பதா, பழமைக்குக் காவல் என்பதா? என் மாணவிகள் வகுப்பில் இரண்டு பக்கமும் காரசாரமாக வாதிட்டிருக்கிறார்கள். வெஸ்ட் போன்றவர்களின் ஒழுக்கச் சீற்றம் நடைமுறையில் அந்தப் பெண்களின் சொத்துரிமையைத்தான் பறித்தது என்பது என் கருத்து. அதேசமயம், நோக்கத்தை நிரூபிக்கும் சுமையைப் பற்றி யோசித்தால், முத்துசாமி ஐயரின் வழி சிறுமிகளுக்குப் பெரிய பாதுகாப்பு எதையும் தந்துவிடவில்லை. சென்னை மாகாணம் அந்த முறையைச் சட்டத்தால் ஒழிக்க 1947 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

6

மலபாரிலும் இதே கண்தான். நாயர் சமூகத்தில் சம்பந்தம் எனப்பட்ட ஆண்-பெண் உறவைச் சட்டம் திருமணமாக ஏற்கவில்லை. அளியசந்தான உறவும் தண்டனைச் சட்டம் சொல்லும் திருமணமாகாது என்று 1883இல் சென்னை ஹைகோர்ட் சொல்லியிருந்தது. சி. சங்கரன் நாயர் சட்டசபையில் ஒரு மசோதா கொண்டுவர, 1891இல் மலபார் திருமணக் கமிஷன் அமைந்தது. தலைவர் முத்துசாமி ஐயர். உறுப்பினர்களில் சங்கரன் நாயரும் இருந்தார், 'இந்துலேகா' நாவலை எழுதிய சந்து மேனனும் இருந்தார். சந்து மேனன் தனித்து நின்று மாறுபட்டார்: சம்பந்தம் ஏற்கெனவே திருமணம்தான், புதிதாக அரசு முத்திரை எதற்கு என்பது அவர் நிலை. தறவாடு என்ற தாய்வழிக் கூட்டுக் குடும்பத்தின் பெரியவர்களோ சட்டம் வந்தால் குடும்பச் சொத்து சிதறும் என்று அஞ்சினார்கள்.

விளைவு 1896ஆம் ஆண்டுச் சட்டம். யாரையும் கட்டாயப்படுத்தாமல், விரும்பியவர் சம்பந்தத்தைப் பதிவு செய்துகொள்ளலாம் என்றது. பதிவு செய்தவர்கள் மிகச் சிலரே. சட்டம் தோற்றது என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். எனக்கு அதில் பழைய சப் ஜட்ஜின் எச்சரிக்கை தெரிகிறது: மக்கள் நடக்காத பாதையைச் சட்டத்தால் போட்டுவிட முடியாது என்று மங்களூரில் மூன்றாண்டு இருந்தவருக்குப் புரிந்திருக்கும். அந்த எச்சரிக்கை சங்கரன் நாயரின் அவசரத்தைவிடச் சரியானதா? அன்றைய மலையாளப் பெண்களைக் கேட்டிருந்தால் வேறு பதில் வந்திருக்கலாம்.

7

இவ்வளவு பாராட்டியபின் எதிர்த்தரப்பு வாதத்தை வைக்காவிட்டால் நான் அவருக்கு நேர்மையானவனாக இருக்க மாட்டேன்.

ஜே. எச். நெல்சன் என்ற சிவில் சர்வீஸ்காரர் மதுரைப் பக்கம் நெடுநாள் இருந்தவர், மதுரை நாட்டு வரலாறு எழுதியவர். 1877இல் அவர் ஒரு நூல் வெளியிட்டார். சென்னை ஹைகோர்ட் நடத்தும் இந்துச் சட்டம் சமஸ்கிருத நூல்களிலிருந்து எடுத்த கற்பனை. மறவருக்கும் கள்ளருக்கும் வெள்ளாளருக்கும் அந்த நூல்களோடு எந்தத் தொடர்பும் இல்லை என்பது அவர் குற்றச்சாட்டு. நீதிபதி இன்ஸ் அரசுக்கு நீண்ட மறுப்பு எழுதினார். நெல்சன் மிகைப்படுத்தினார் என்பது உண்மை. ஆனாலும் அவர் தொட்ட புண் உண்மையானது.

முத்துசாமி ஐயர் வழக்கத்துக்குக் கதவு திறந்தார் என்றேன். யாருடைய வழக்கத்துக்கு? நான் மேலே காட்டிய சுவீகார வழக்குகள் இரண்டும் பிராமணக் குடும்பங்களைப் பற்றியவை. நெல்சன் பேசிய மக்களுக்கு மிதாக்ஷராவே பொதுவிதியாகத் தொடர்ந்தது. விலகுகிறேன் என்பவன் செலவு செய்து சாட்சி கூட்டி நிரூபிக்க வேண்டும். வசதியுள்ளவனுக்கே வழக்கம் கிடைத்தது. கிராமத்துக் கணக்குப்பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் இதை அறியாதவராக இருக்க முடியாது. ஆனால் நிரூபணச் சுமையைத் திருப்பிப்போட அவர் முயலவில்லை. 1872இல் சென்னையில் விதவா விவாக சங்கம் தொடங்க முன்நின்ற அதே மனிதர்தான். சமூகத்தில் சீர்திருத்தக்காரர், ஆசனத்தில் நிதானக்காரர். இந்த இரண்டுக்கும் இடையிலான தூரம் அவர் விரும்பி வைத்துக்கொண்டது என்றே நினைக்கிறேன்.

8

கடைசியாகக் காலம்.

இந்தியத் தீர்ப்புத் திரட்டின் சென்னை வரிசை 1876இல் தொடங்கியது. அவர் இறந்த 1895இல் வந்தது பதினெட்டாம் தொகுதி. அந்த வரிசையின் குழந்தைப் பருவம் முழுவதும் அவர் கூடவே இருந்தார். ஒரே கேள்வி ஐந்தாண்டு கழித்து வேறு ஜில்லாவிலிருந்து வேறு உருவில் வரும்போது, முன்பு சொன்னதைத் திருத்தவும் செதுக்கவும் அவருக்கு வாய்ப்பிருந்தது. கஞ்சத்திலிருந்து திருநெல்வேலிவரை, மங்களூரிலிருந்து மலபார்வரை பரந்த மாகாணத்தின் வழக்கங்கள் ஒரே மனிதரின் நினைவில் சேர்ந்தன. இன்று நாம் காணும் சிவப்புக் கட்டடம் திறந்தது 1892 ஜூலை 12 அன்று. அவர் பணியின் பெரும்பகுதி கடற்கரையோரப் பழைய கட்டடத்தில் நடந்தது. அங்கே இருக்கும் அவருடைய வெள்ளைப் பளிங்குச் சிலையைப் பார்த்து, அவர் இந்தக் கூரையின் கீழேயே வாழ்ந்தார் என்று எண்ணிக்கொள்கிறோம்.

அவருக்குப் பின் 1895இல் வந்தவர் எஸ். சுப்பிரமணிய ஐயர். பிறகு பாஷ்யம் ஐயங்கார், சங்கரன் நாயர், வி. கிருஷ்ணசாமி ஐயர். எல்லோரும் மேதைகள், எல்லோரும் வக்கீல்கள், நான்காம் வாசல்காரர்கள். சங்கரன் நாயரை விட்டால் எல்லோரும் பிராமணர்களும்கூட. மூன்றாம் வாசலில் நுழைந்தவர் என்று ஒப்பிட எனக்குப் பம்பாயின் ரானடேதான் கிடைக்கிறார். அவர் 1893இல் வந்து 1901இல் மறைந்தார்; அவருக்குக் கிடைத்தது எட்டாண்டுகூட நிறையாத காலம்.

இன்று அரசியலமைப்பின் 217ஆம் பிரிவு இரண்டு வாசல்களை வைத்திருக்கிறது: பத்தாண்டு நீதிப் பணி அல்லது பத்தாண்டு வக்கீல் தொழில். உயர்நீதிமன்ற இடங்களில் சுமார் மூன்றில் ஒன்று கீழமை நீதித்துறைக்கு என்பது மரபு. வாசல் திறந்துதான் இருக்கிறது. ஆனால் முன்சீப்பாகத் தொடங்கிய ஒருவர் படிப்படியாக ஏறி மாவட்ட நீதிபதியாகி, மூப்பு வரிசையில் காத்திருந்து, உயர்நீதிமன்ற ஆணையைப் பெறும்போது பெரும்பாலும் ஓய்வை நெருங்கியிருக்கிறார். 62 வயதில் பணி முடிகிறது. மூன்றாண்டு, நான்காண்டு. புதிய அமர்வின் பழக்கம் பிடிபடுவதற்குள் பிரிவுபசார விழா வந்துவிடுகிறது. பட்டறிவு மேலே வருகிறது, தங்க நேரமில்லை. நேரடியாக வக்கீல் மன்றத்திலிருந்து வருபவருக்கு அதைவிட இரண்டு மூன்று மடங்கு காலம் கிடைக்கிறது. தலைமை நீதிபதி பதவியும் உச்ச நீதிமன்றமும் அந்த மூப்பின் வழியேதான் போகின்றன.

முத்துசாமி ஐயரின் காலத்தில் ஓய்வு வயது என்ற வரம்பு அவருக்குக் குறுக்கே நிற்கவில்லை. 63 வயது நிறைய மூன்று நாள் இருந்தபோது, பதவியில் இருந்தபடியே இறந்தார். நியமன ஆணை வந்தபோது அவருக்கு வயது நாற்பத்தாறு.